பிதாவும் பெத்தவரும்: மதுரைக் கிறிஸ்தவர்களின் குடும்பப் பாட்டு

ஞாயிற்றுக்கிழமை எந்த சர்ச்சுக்குள் நுழைந்தாலும் காதில் விழுவது உறவுமுறைகள்தான். கடவுள் பிதா, பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பிரதர், அவர் மனைவி சிஸ்டர். ஊரே ஒரு குடும்பம்! ஆனால் இந்தக் குடும்பம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதா? மதுரைப் பக்கத்துச் சரித்திரத்தைப் புரட்டினால் இந்தக் கேள்வி நானூறு வருடங்களாகத் துரத்திக்கொண்டே வருகிறது.

1606இல் மதுரைக்கு வந்தார் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி. அங்கே பரதவக் கிறிஸ்தவர்களுக்காக ஏற்கெனவே ஒரு பாதிரியார் இருந்தார். நொபிலி அவரோடு சேர்ந்து இருக்கவில்லை. காவி உடுத்தி, புலால் விட்டு, பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டு தனியாகக் குடியிருந்தார். உயர்ந்த சாதியாரை அணுக வேறு வழியில்லை என்பது அவர் கணக்கு. ஆக, ஆரம்பத்திலேயே இரண்டு அடுப்பு.

அதே மதுரை மிஷனில் நூறு வருடம் கழித்து வந்த வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை முடித்தார். 36 படலங்கள், 3615 பாடல்கள். காப்பியத் தலைவர் யார் தெரியுமா? இயேசுவை வளர்த்த சூசையப்பர். வளன் என்று அழகான தமிழ்ப் பெயரும் கிடைத்தது. தச்சு வேலை செய்து மனைவியையும் பிள்ளையையும் காத்த ஒரு குடும்பத் தலைவரைக் காப்பிய நாயகன் ஆக்கியது பெரிய விஷயம்தான். ஆனால் அது புலவர்கள் படிக்கிற தமிழ். வயலில் வேலை செய்துவிட்டு வந்தவர் பாடுகிற பாட்டு அல்ல.

பாட்டு என்றால் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரைத்தான் சொல்ல வேண்டும் (1774-1864). சரபோஜி மன்னரின் ஆஸ்தானக் கவிஞர். ராகம், தாளம் போட்டு அவர் எழுதிய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறார்கள். அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. புதிதாக வந்த மிஷனரிகள் ஆலயத்தில் சாதிவாரியாக உட்காரக் கூடாது என்றபோது, 1829இல் அதை எதிர்த்து எழுதினார். தமிழ் இசையை ஒதுக்குகிறார்கள் என்பதும் அதே எழுத்தில் அவர் வைத்த புகார். ஒரே மனிதர், ஒரே சண்டை. பாதி நியாயம், பாதி அநியாயம்!

இப்போது மதுரைக்குத் திரும்புவோம். 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், 1847இல் தன் ஊழியர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தது. வேதபாடத்தில் இல்லை, சாப்பாட்டில்! எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உண்ண வேண்டும் என்றார்கள். பல உபதேசியார்கள் வேலை போனாலும் பரவாயில்லை என்று விலகிவிட்டார்கள். பிரசங்கத்தில் 'சகோதரரே' என்று கூப்பிட்டவர்கள்தான் இவர்கள். அந்தியோகியாவில் பேதுருவே பந்தியிலிருந்து எழுந்து போனவர்தான், பவுலிடம் திட்டும் வாங்கினார் என்பது நினைவுக்கு வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆறே வருடம் கழித்து, 1853இல், இதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஒரு கீர்த்தனைப் புத்தகத்தை அச்சிட்டார். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. தனித்தனி இருக்கைக்காக வாதாடியவரின் பாட்டு, ஒரே பந்தி கேட்ட மிஷனின் வாயில்!

இந்த முடிச்சை நேராகக் கையில் எடுத்தவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940-2005). தலித் குடும்பத்தில் பிறந்தவர். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். 'பரட்டை அண்ணன்' என்றால்தான் மாணவர்களுக்குத் தெரியும். அண்ணன்... அதுவும் ஓர் உறவுமுறைதான்! கீர்த்தனை உயர்சாதியின் இசை, ஞானப்பாட்டு வெள்ளைக்காரன் மெட்டு, அப்படியானால் பறையடிக்கிறவனின் சத்தம் கடவுளுக்குக் கேட்காதா என்பது அவர் கேள்வி. கிராமிய மெட்டிலேயே முழு வழிபாட்டு முறையையும் அமைத்தார். ஆலயத்துக்குள் பறை வந்தது.

அவர் கடவுளைக் கூப்பிட எடுத்த வார்த்தை 'பெத்தவரே'. பிதா என்றால் அப்பா மட்டும்; அதுவும் ஏட்டில் இருக்கிற வார்த்தை. பெத்தவர் என்றால் அப்பாவும் சரி, அம்மாவும் சரி. களையெடுக்கிற பெண் தன் வீட்டில் பேசுகிற அதே வார்த்தை. ஒரு சொல்லை மாற்றியதில் கடவுளுக்கு அம்மா முகமும் வந்துவிட்டது.

அடுத்தது 'ஒரு உலை'. நம் ஊரில் அண்ணன் தம்பி பிரிந்தால் முதலில் பிரிவது சொத்து அல்ல, உலைதான். தனி உலை வைத்துவிட்டார்கள் என்றாலே குடும்பம் உடைந்தது என்று அர்த்தம். அப்பாவு இதைத் திருப்பிப் போட்டார். எல்லோருடைய அரிசியும் ஒரே பானையில் வேக வேண்டும், அதுதான் திருவிருந்து என்றார். இரத்த உறவு இல்லாவிட்டாலும், ஒரே உலைச்சோறு தின்றால் குடும்பம். 1847இல் மேலிடத்து உத்தரவாக வந்தது, இங்கே ஒடுக்கப்பட்டவர்களின் அழைப்பாக வந்தது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

அவர் பாட்டுகள் புத்தகத்தைவிட கேசட்டில்தான் அதிகம் பரவின. படிக்கத் தெரியாதவரும் கேட்டுப் பாட வேண்டுமே. கிராமத்து ஜனங்கள் வார்த்தையை மாற்றிப் பாடினாலும் அவர் கோபப்பட்டதில்லை. மாற்றத்தான் வேண்டும் என்பார்.