காணிக்குள் மீந்த கணக்கு

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வாயில் வருவது காணிதான். பட்டா பேசுவது வேறு மொழி: ஏக்கர், சென்ட், பிற்பாடு ஹெக்டேர். இரண்டு மொழிக்கும் நடுவே ஒரு வாய்ப்பாடு நிற்கிறது: 'காணிக்கு 132 சென்ட்'. இந்தச் சமன்பாட்டை நாம் கேள்வி கேட்டதே இல்லை.

24 அடிக்கு 24 அடி ஒரு குழி. 100 குழி ஒரு காணி. ஆக 57,600 சதுர அடி. ஏக்கரோ 43,560. இரண்டையும் 360ஆல் வகுத்தால், காணி என்பது ஏக்கரில் 160/121. இதற்குமேல் சுருங்காது. 121 என்பது பதினொன்றின் வர்க்கம். 160இல் பதினொன்றுக்கு இடமில்லை.

ஒரு பின்னத்தின் சுருங்கிய வடிவம் ஒன்றே ஒன்றுதான் என்கிறது கணிதம். யூக்ளிட் தன் ஏழாம் புத்தகத்தில் விகிதங்களை வைத்து இதைப் பேசுகிறார். க/ச, த/ப இரண்டும் சமம், இரண்டும் முழுக்கச் சுருங்கியவை என்று கொள்வோம். அப்படியானால் க×ப = ச×த. 'க' என்ற எண் ச×தவை மீதியின்றி வகுக்கிறது. 'ச'வோடு அதற்குப் பொதுக் காரணி கிடையாது. எனவே 'த'வைத்தான் வகுத்தாக வேண்டும். நிரூபணத்தின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. எண்களை மாறிமாறி வகுக்கும் முறைமேல் அது நிற்கிறது; ஆரியபட்டர் 499இல் சொன்ன குட்டகத்துக்கும் அடிப்படை அதே முறைதான். இதே நியாயப்படி 'த'வும் 'க'வை வகுக்கும். ஒன்றையொன்று வகுப்பவை சமம். பகுதிகளும் தாமே சமமாகிவிடும்.

விளைவு என்ன? காணியை எந்தப் பின்னமாக எழுதினாலும் அது சுருங்கி 160/121இல் வந்து நிற்கும். அதன் பகுதி 121இன் மடங்காகவே இருந்தாக வேண்டும். 100 அப்படி இல்லை. ஆக, காணியை முழுச் சென்டில் சொல்ல வழியே கிடையாது. 132 என்பது ஒரு சம்மதம், அவ்வளவுதான். நூறு காணிக்கு 23 சென்ட் நழுவிவிடுகிறது.

1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. மே 20இல் நெய்வேலிச் சுரங்க வேலை தொடங்கியது. ரூபாயில் பதினாறில் ஒன்றான அணாவுக்கும் இதே கதி: ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை.

அலகு மாற்றம் வெறும் நிர்வாகக் காரியம் என்பார்கள். மீதி யார் கணக்கில் சேர்ந்தது என்று தேற்றம் சொல்லாது. மீதி உண்டு என்பதை மறுக்கவும் அது விடாது.