கொக்கிப்புழுவும் ‘சோம்பற் கூலி’யும்: ஊவாத் தோட்ட வரலாறு தரும் ஒரு படிப்பினை

உளப்பிளவை நோய்க்கும் ஒட்டுண்ணித் தொற்றுக்கும் தொடர்புண்டோ என்னும் வினா மருத்துவ உலகில் ஆராயப்பட்டு வருகின்றது. பூனையின் குடலில் இனம்பெருக்கும் டொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிருக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இந்நோயாளரிடையே பிறரைவிடக் கூடுதலாகக் காணப்படுவதை, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய டொறி, யொல்கன் முதலியோர் 2007 இல் எடுத்துக்காட்டினர். எனினும் தொற்றே நோய்க்குக் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

மனித இயல்பை ஒட்டுண்ணியைக் கொண்டு விளக்கும் முயற்சி மலையகத்துக்குப் புதியதன்று. பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் மந்தத்தைத் துரைமார் ‘சோம்பல்’ என்றனர். அதனை அவர்தம் பிறவிக் குணமாகவே கருதினர்.

அச்சோம்பலின் பெரும்பகுதி உண்மையில் குருதிச்சோகையே. மலங்கலந்த ஈரமண்ணில் வளரும் கொக்கிப்புழுவின் குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுகின்றது. சிறுகுடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றது. பெரியோரின் உழைப்பு வலுவையும் சிறாரின் வளர்ச்சியையும் கற்கும் ஆற்றலையும் அது குன்றச் செய்கின்றது.

1909 இல் ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் றொக்பெல்லர் நிதியுடன் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. அங்கும் ஏழை வெள்ளையர் ‘சோம்பேறிகள்’ என்றே இகழப்பட்டிருந்தனர் என்பது கருதத்தக்கது. 1916 இல் அவ்வியக்கம் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தது. மருந்தளித்தால் உழைப்புத்திறன் பெருகும் என்பதே துரைமாருக்குக் கூறப்பட்ட நியாயம். கீனோப்போடியம் எண்ணெய் கொடுக்கப்பட்டது, புழுக்கள் வெளியேறின. ஆனால் லயங்களுக்குப் போதிய மலசலகூடம் அமைக்கும் செலவை ஏற்கத் தோட்ட நிருவாகங்கள் பல தயங்கின. மருந்துண்டவர் அதே மண்ணில் வெறுங்காலுடன் மீண்டும் நடந்தனர், தொற்றும் மீண்டது.

இவ்வரலாறு இரு உண்மைகளை நமக்கு உணர்த்துகின்றது. முதலாவது, ஒரு மக்கட் கூட்டத்தின் குணமென இழித்துரைக்கப்பட்டது நோயாக இருத்தல் கூடும். அவ்வகையில் விஞ்ஞானம் தொழிலாளரின் மீதான பழியைத் துடைத்தது. இரண்டாவது, புழுவைக் கண்டவுடன் விசாரணையை முடித்துக்கொள்ளுதல் அரைவிளக்கமே. கால் ஏன் வெறுங்காலாயிருந்தது, லயத்தில் ஏன் மலசலகூடம் இல்லை என்னும் வினாக்களுக்கு உருப்பெருக்கி விடை தராது. உற்பத்தி உறவுகளே விடை தரும்.

உளப்பிளவை நோய் பற்றிய புதிய ஆய்வையும் நாம் இந்நோக்கிலேயே வரவேற்கின்றோம். நோயாளியை இழித்துரைக்கும் வழக்கம் ஒழிய அது துணைபுரியலாம். ஆயினும் நுண்ணுயிரைத் தேடும் கண், அது பெருகும் வாழ்நிலையையும் நோக்குதல் வேண்டும். ஊவாத் தொழிலாளர் தம் குருதியைக் கொடுத்துக் கற்பித்த பாடம் இதுவே.