அமிழ்ந்த மரம்: வனச் சட்டத்தின் ஒரு சொல் பற்றிய மறுவாசிப்பு

1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, நீரில் அகப்படும் மரத்தை நான்கு நிலைகளில் வைத்துப் பேசுகிறது: மிதந்து வருவது, கரையேறிக் கிடப்பது, வழியில் தட்டி நிற்பது, அமிழ்ந்து போனது. யாரேனும் தம் உரிமையை மெய்ப்பிக்கும் வரை இந்த நான்கும் அரசின் உடைமை எனக் கொள்ளப்படும். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே பகுதியைத் தழுவியது இது. காட்டை எடுத்துக்கொண்ட அரசு ஆற்றையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு இப்பிரிவைச் சான்று காட்டும் வாசிப்பு ஒன்று வன வரலாற்று எழுத்தில் நிலைபெற்றிருக்கிறது. காட்டைப் பொறுத்தவரை அந்த வாசிப்போடு எனக்குப் பிணக்கு இல்லை. இந்தப் பகுதியைப் பொறுத்தவரை அது பொருந்தவில்லை என்றே எண்ணுகிறேன். ‘அரசின் உடைமை’ என்ற தொடரில் கண் பதித்தவர்கள், நான்காவதாக நிற்கும் ‘அமிழ்ந்த’ என்ற சொல்லை முதல் மூன்றின் எதிரொலியாகக் கருதிக் கடந்துவிட்டார்கள். என் ஐயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பகுதியை முழுதாக, 51ஆம் பிரிவு வரை படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. சேகரித்த மரத்தைப் பற்றி வன அலுவலர் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும்; உரிமை கோருவோருக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கலாம். உரிமை மெய்ப்பிக்கப்பட்டாலும் மரம் சும்மா கைக்கு வராது. மீட்ட செலவை உரியவர் கட்டிய பிறகே வரும். 51ஆம் பிரிவு எவற்றுக்கெல்லாம் விதி செய்ய அதிகாரம் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்: மரத்தை மீட்டல், சேர்த்தல், அதற்கான படகுகளின் பதிவு, கொடுக்க வேண்டிய தொகை, மரத்தில் அடையாளம் குத்தும் சுத்தியல்களின் பதிவு. அபகரிப்பதற்காக மட்டும் எழுதப்பட்ட பகுதிக்குப் படகுப் பதிவேடு எதற்கு? இது உடைமைச் சட்டத்தைவிடக் கடலில் தத்தளிக்கும் கப்பலையும் சரக்கையும் காப்பாற்றுவோருக்குரிய மீட்புச் சட்டத்துக்கே நெருக்கமானது. கேட்பாரற்ற மரம் முடிவில் அரசுக்கே போகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பகுதியின் கடைசிப் படி. நோக்கம் முதல் படிகளில் இருக்கிறது.

அந்த நோக்கம் எந்த ஆற்றில் பிறந்தது? காவிரியில் அல்ல. பர்மாவின் சால்வீன் ஆற்றில் தேக்குத் தடிகளை ஒவ்வொன்றாக நீரில் விட்டு, கீழே மௌல்மெயின் பக்கம் பிடித்துச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு தடியிலும் வணிகரின் சுத்தியல் அடையாளம் இருக்கும். பஞ்சாப் ஆறுகளில் தேவதாரு இப்படி வந்தது. 1856இல் பெகு காடுகளின் பொறுப்பேற்று, 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரான டீட்ரிச் பிராண்டிஸ் பர்மா அனுபவத்தையும், 1878 சட்டத்தின் வடிவாக்கத்தில் முன்னின்ற பேடன்-பவல் பஞ்சாப் அனுபவத்தையும் உடன் கொண்டுவந்தவர்கள். மரத்தின் இயல்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த மரத்தின் செல்சுவரும் தண்ணீரைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையது. மிதக்க வைப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். பச்சைத் தேக்கு மிதக்காது. ஆகவே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டுப் பிறகு வீழ்த்தினார்கள். சரியாகக் காயாத தடியும், நெடுநாள் நீரில் கிடந்து ஊறிய தடியும் ஆற்றடியில் தங்கிவிடும். அந்தத் தடிகளுக்காகத்தான் ‘அமிழ்ந்த’ என்ற சொல் சட்டத்தில் நுழைந்தது என்று கருதுகிறேன். அது அலங்காரச் சொல்லாக எனக்குப் படவில்லை. மற்ற மூன்று நிலைகளிலும் கிடைக்காத ஒரு மனிதரை அது கேட்கிறது: நீரில் இறங்கி, அடியில் துழாவி, கயிறு மாட்டி, மரத்தை மேலே கொண்டுவருபவரை.

அந்த மனிதருக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. உரியவர் இருக்கிறார், அலுவலர் இருக்கிறார், சேகரிக்க உரிமம் பெற்றவர் இருக்கிறார். கண்டெடுத்தவர் என்ற ஆள் இல்லை. அக்காலத்துச் சட்டம் எழுதியோருக்கு அப்படி ஒருவரை நினைக்கத் தெரியவில்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. வனச் சட்டம் 1878ஆம் ஆண்டின் 7ஆம் சட்டம். அதற்கு முந்தைய எண்ணில், அதே ஆண்டின் 6ஆம் சட்டமாக நிற்பது புதையல் சட்டம். அங்கே கண்டெடுத்தவர்தான் நடுநாயகம். மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எப்பொருளும் புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். பொருளுக்கு உரியவர் யாருமில்லை என்று தெரிந்து, நிலத்துக்குரியவரும் எடுத்தவரும் பங்கில் உடன்படாவிட்டால், முக்கால் பங்கு எடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்குரியவருக்கு. அரசே அப்பொருளை வைத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும். ஒரே சட்டமன்றம், ஒரே ஆண்டு, அடுத்தடுத்த இரு எண்கள். மண்ணுக்குள் கைவிட்டவருக்கு முக்கால் பங்கு. தண்ணீருக்குள் கைவிட்டவருக்கு, விதி ஏதும் செய்யப்பட்டிருந்தால், கூலி. நிலைபெற்ற வாசிப்பு உரியவரைப் பறிகொடுத்தவராகக் காட்டுகிறது. பிரிவுகளை வரிசையாகப் படித்தவருக்குப் பறிகொடுத்தவர் வேறு ஆள் என்பது புலப்படும்.

புதையலுக்கு உரியவர் மறைந்துபோனவர், மரத்துக்கு உரியவர் சுத்தியல் அடையாளத்தால் அறியப்படுபவர், ஆகவே ஒப்பீடு பொருந்தாது என்று சொல்லலாம். அடையாளம் உள்ள தடிக்கு அது சரி. ஆனால் 45ஆம் பிரிவின் முதல் தொடர் அடையாளம் உள்ளது, இல்லாதது என்று பிரிக்கவே இல்லை. தமிழகத்தில் நடப்பில் உள்ளது 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் அல்லவா என்ற கேள்வியும் எழும். அச்சட்டமும் ஒதுங்கிய மரத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறது. வாதம் அதனால் மாறவில்லை.

இனி சேலம் சமவெளிக்கு வருவோம். இளம்பிள்ளையும் கஞ்சமலை அடிவாரமும் ஏரிப்பாசனம் கண்ட நிலம். காவிரி மேற்கே பூலாம்பட்டிப் பக்கம் ஓடுகிறது. இங்கே மரம் அமிழ்வது இழப்பு அல்ல, வேலையின் ஒரு கட்டம். வேம்பு, பனை, தென்னை, மூங்கில் எதுவானாலும் வெட்டியதும் கிணற்றிலோ குட்டையிலோ ஏரியிலோ ஊறப்போடுவது தச்சர்கள் அறிந்த பழைய வழக்கம். மேலே கல்லை ஏற்றி வைத்தால்தான் மரம் முழுதும் முங்கும். வாரக்கணக்கில், சில மரங்களுக்கு மாதக்கணக்கில் கிடந்தால் சாறும் மாவும் கரைந்து போகும். தின்ன ஒன்றும் இல்லாத மரத்தில் உளு ஏறாது. கூரைக்கு ஏற்றிய பனங்கை இரண்டு தலைமுறை தாங்கினால் அதற்கு அந்த ஊறலும் ஒரு காரணம். இப்போது சட்டத்தின் சொற்களை இந்தக் குட்டையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டத்தின் விளக்கப்படி பனையும் மரத்தில் அடங்கும்; 2017இல் நீக்கப்படும் வரை மூங்கிலும் அடங்கியிருந்தது. வீழ்ந்த மரம், அறுத்த மரம், செதுக்கிய மரம், குடைந்த மரம் எல்லாம் தடிமரம். அது காட்டிலிருந்து வந்ததா இல்லையா என்பது பொருட்டே இல்லை. எழுத்தை எழுத்தாகக் கொண்டால், தச்சர் தன் கையால் கல்லேற்றி அமிழ்த்திய வேம்பும் அரசின் உடைமையாகக் கொள்ளப்படும். குடைந்த மரமும் சேர்வதால், கரையில் முழுகிப்போன பழைய ஓடமும் அப்படியே.

எந்த அலுவலரும் குட்டையில் கிடந்த வேம்பைக் கைப்பற்ற வந்திருக்கமாட்டார். என் அக்கறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சொல்லை நேர்ப்பொருளில் எடுத்தால் அபத்தம் விளைகிறது என்றால், அதை நோக்கத்தோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆற்றுவழியாகக் கொண்டுசெல்கையில் தவறிப்போன மரம் என்ற நோக்கத்தோடு வாசிக்கும்போது மட்டுமே அச்சொல் அர்த்தப்படுகிறது. அதற்கு வெளியே அதை நீட்ட எனக்கு இடம் தெரியவில்லை.

இங்கே மேட்டூரைக் கொண்டுவருவோர் உண்டு. கானாவின் வோல்டா ஏரியில் மூழ்கி நிற்கும் மரங்களை அறுத்து எடுக்கிறார்கள். புளோரிடாவில் ஆற்றடித் தடிகளை எடுக்க உரிமம் தருகிறார்கள். 1934 முதல் நீர் தேங்கும் மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்திலும் அப்படிக் கிடைக்காதா என்பது கேள்வி. நான் நம்பவில்லை. மரம் நீரில் நிலைப்பது நீரால் அல்ல, காற்று எட்டாததால். பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மேட்டூரின் நீர்மட்டமோ ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நனைவதும் காய்வதும் மாறிமாறி வந்தால் மரம் தாங்காது. மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடியில் வெளிப்படுபவை கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும், அவை மரமல்ல. மட்டம் ஒருபோதும் இறங்காத ஆழத்தில் ஏதேனும் இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல நான் துணியமாட்டேன்.

நம் பக்கத்தில் பழைய மரம் கிடைக்கக்கூடிய இடம் ஏரி வண்டல். கோடையில் ஏரி வற்றினாலும், அடிவண்டலின் களிமண் ஈரத்தை விடாமல் பிடித்துக் காற்றை உள்ளே விடாது. ஏரிக்குள் நின்ற கருவேலம் சாய்ந்து அப்படிப் புதைந்தால், கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் ஆன அந்த வன்மரம் நெடுநாள் கெடாமல் இருக்க வழி உண்டு. 2017இல் ஏரி வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு வழிசெய்தது. அப்படி அள்ளும் ஒருவரின் மண்வெட்டியில் ஒரு தடி தட்டுகிறது என்று கொள்வோம். அது அமிழ்ந்த மரமா, மண்ணில் மறைந்திருக்கும் பொருளா?

ஏரி நீர்நிலை, ஆகவே அமிழ்ந்ததே என்பது எளிதில் வரும் விடை. அன்று அங்கே நீர் இல்லை. தடியைச் சுற்றி இருப்பது மண். எந்த ஆற்றுவழியிலும் அது தவறவில்லை. எந்தச் சுத்தியலும் அதைத் தொட்டதில்லை. மறைந்திருத்தல் என்றால் ஒருவர் மறைத்து வைத்திருக்க வேண்டும் என்ற கருத்து இதற்கு எதிராக வரும், அது வலுவானதும்கூட. ஆனால் புதையல் சட்டத்தின் விளக்கம் பொருள் இருக்கும் நிலையைத்தான் சொல்கிறது. மறைத்தவரின் மனத்தைக் கேட்கவில்லை. தானாகச் சாய்ந்து வண்டல் மூடிய மரமும் மண்ணில் மறைந்ததே என்று வாசிப்பதற்கு அந்தச் சொற்களில் தடையில்லை. இந்த வாசிப்பு ஏற்கப்பட்டால், தடியின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டும்பட்சத்தில் உழவர் ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டியிருக்கும். வேறு யாரும் பொருளுக்கு உரிமை கோராத நிலையில் முக்கால் பங்கு அவருடையது. ஏரிப் புறம்போக்குக்கு உரியவர் என்ற முறையில் அரசுக்குச் சேர்வது கால் பங்கு.