‘எழுத்துரு இல்லை’: தமிழ்க் கணினிப் பயன்பாட்டில் குறியேற்றப் பழுதுகளும் அவற்றை நீக்கியோர் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவது, 1990களிலும் 2000களிலும் கணினி உதவிப் பணியாளர்கள் நாள்தோறும் எதிர்கொண்ட பழுதாகும். ‘எழுத்துரு இல்லை’ என்பதே அதற்குப் பெரும்பாலும் கூறப்பட்ட காரணம். அவ்விளக்கம் முழுமையற்றது என்பதையும், பழுதின் வேர் குறியேற்ற ஒருமையின்மையில் இருந்தது என்பதையும், பழுதுநீக்கியோரின் பட்டறிவு பதிவாகாவிடில் அக்கால மின்னாவணங்களில் ஒரு பகுதி படிக்க இயலாததாகிவிடும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முன்னுரை

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரிதும் எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகியவற்றை உருவாக்கியோரின் வரலாறாகவும், மாநாடுகள், அரசாணைகள் ஆகியவற்றின் வரலாறாகவும் எழுதப்பட்டு வந்துள்ளது. உருவாக்கப்பட்டவை அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அச்சகங்களிலும் பயன்பாட்டுக்கு வந்தபோது எழுந்த பழுதுகளை நீக்கியவர்கள் வேறொரு தரப்பினர். கணினிக்கூட உதவியாளர், அலுவலகக் கணினிப் பராமரிப்பாளர், டி.டி.பி. நிலையப் பணியாளர் ஆகியோர் இத்தரப்பில் அடங்குவர். இவர்களின் பணி பழுது நீங்கியதும் மறக்கப்படும் இயல்புடையது. ஆதலின் ஆவணங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. இவர்கள் எதிர்கொண்ட பழுதுகளின் வகைகளை ஆராய்வது தமிழ் மின்னாவணங்களின் இன்றைய நிலையை அறிந்துகொள்ளத் துணைசெய்யும்.

ஒரே வடிவம், வெவ்வேறு எண்கள்

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஆங்கிலத்திற்கென அமைந்த ஆஸ்கி தரத்தில் 128 இடங்கள் இருந்தன. எட்டுத் துகள் முறையில் 256 இடங்கள் கிடைத்தன. தொடக்ககாலத் தமிழ் எழுத்துருக்களுள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தின. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடத்தும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு இதற்குத் தக்க சான்று. பாமினியில் அமைந்த ‘தமிழ்’ என்னும் சொல், கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே உள்ளது. எழுத்துரு இருக்கும் வரை அது தமிழாகத் தோன்றும். எழுத்துரு நீங்கியவுடன் அந்த ஆங்கில எழுத்துகளே திரையில் எஞ்சும்.

எழுத்துரு உருவாக்கியோர் பலரும் தத்தம் விருப்பப்படி இடங்களை ஒதுக்கியதால், ஒரே தமிழ் எழுத்து எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு எண்ணைப் பெற்றது. கோப்பை அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே எழுத்துருவை வைத்திருந்தால் சிக்கல் தோன்றவில்லை. மின்னஞ்சலும் இணையமும் பரவி, அறிமுகமற்றோரிடையேயும் கோப்புகள் கைமாறத் தொடங்கியபோது, அதுவரை மறைந்திருந்த முரண்பாடு வெளிப்பட்டது.

தரப்பாட்டு முயற்சிகள்

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் 97 மாநாடு இச்சிக்கலைப் பொதுவில் விவாதித்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களையும் அறிவித்தது. டாம் தமிழுக்கு மட்டும் உரியது. டாப் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருசேர ஏற்பது. இணையவழி விவாதங்களின் பயனாகத் திஸ்கி என்னும் இருமொழிக் குறியேற்றமும் அக்காலத்தே உருவாயிற்று. ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், அன்றாடக் கணினிகளில் அதற்குரிய வசதி இல்லை.

தரங்கள் வகுக்கப்பட்டபின் பழுதுகள் வேறு வடிவங்களில் தொடர்ந்தன. திஸ்கியில் இகரம் 173ஆம் இடத்தில் வைக்கப்பட்டது. இலத்தீன் குறியேற்றத்தில் அவ்விடம் சொல்லை வரியிறுதியில் பிரிக்க உதவும் மறைகோட்டுக்கு உரியது. சில மென்பொருள்கள் அதனை மறைகோடாகக் கொண்டு காட்டாமல் விட்டன. பனுவலில் இகரம் மட்டும் காணாமற் போயிற்று. எழுத்துருவை மீண்டும் மீண்டும் நிறுவினாலும் இப்பழுது நீங்காது. பின்னர்த் திஸ்கியில் இகரத்திற்கு வேறோர் இடமும் தரப்பட்டது.

வலையமைப்பிலும் இத்தகைய இடர் இருந்தது. தொடக்ககால மின்னஞ்சல் நெறிமுறை ஏழு துகள்களையே கடத்துவதற்கென அமைந்தது. தக்கவாறு பொதியப்படாத திஸ்கி மடல், எட்டாம் துகளை நீக்கும் வழங்கி ஒன்றைக் கடந்தால் மீட்க இயலாதவாறு சிதைந்தது. பெரும்பாலும் ஆஸ்கி இடங்களையே கொண்ட பாமினி மடல் அதே வழியில் பழுதின்றிச் சென்றது. புதிய தரம் தோற்றுப் பழைய முறை வெற்றிபெறும் இத்தகைய நிகழ்வுகள் பயனரைப் பழைய எழுத்துருக்களிலேயே நிலைபெறச் செய்யும் தன்மையன.

ஒருங்குறியின் வருகை

விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஏற்ற முதல் விண்டோஸ் இயங்குதளமாகும். அதனை அடுத்துவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இவ்வசதி உள்ளடங்கியிருந்தும் இயல்பாகச் செயற்படவில்லை. வட்டார அமைப்புகளில் சிக்கலெழுத்து மொழிகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டும். அதற்கு இயங்குதளக் குறுவட்டு தேவைப்படும். குறுவட்டு கைவசமில்லாத அலுவலகத்தில், ஓரிரு நிமிடங்களில் முடியும் இப்பணி நாட்கணக்கில் தடைப்படும். பேஜ்மேக்கர் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் தமிழ் ஒருங்குறியை ஏற்கவில்லை. ஆகவே எழுத்தாளர் ஒருங்குறியில் அனுப்பிய கட்டுரையை அச்சகத்தார் பழைய எழுத்துருவுக்கு மாற்றினர். அச்சான நூலை இணையத்தில் ஏற்ற மீண்டும் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் பிழைகள் சேர்ந்தன.

பழுதின் நால்வகைத் தோற்றம்

திரையில் தோன்றும் சிதைவின் வடிவமே பழுதை அறிவதற்கான முதற்சான்று. அதனை நான்காக வகுக்கலாம். வெற்றுக் கட்டங்கள் தோன்றின், பனுவல் நலமாக உள்ளது. எழுத்துரு மட்டுமே இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றின், பனுவல் பழைய எழுத்துருவில் அமைந்தது. அவ்வெழுத்துருவின் பெயரை அறிதல் வேண்டும். மேற்கோடிட்ட ஆங்கில ஏகாரமும் வட்டமிட்ட ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வரின், ஒருங்குறிப் பனுவல் இலத்தீன் எனப் பிறழப் படிக்கப்படுகிறது. ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்மிகளைப் பெறுவதாலும், அவற்றுள் முதல் எண்மி எப்போதும் ஒன்றாகவே இருப்பதாலும் இத்தோற்றம் உண்டாகிறது. படிக்கும் முறையைத் திருத்தினால் பனுவல் மீளும். நான்காவது, வினாக்குறிகளின் வரிசை. ஒருங்குறியை ஏற்காத தரவுத்தளத்தில் தமிழைச் சேமித்ததன் விளைவு அது. மூல எண்கள் சேமிக்கப்படவே இல்லையாதலின் இது மீட்பிற்கு அப்பாற்பட்டது.

இந்நான்கனுள் முதலாவதற்கே ‘எழுத்துரு இல்லை’ என்னும் விளக்கம் முற்றிலும் பொருந்தும். இரண்டாவதில் எழுத்துருவை நிறுவுதல் தோற்றத்தைச் சீராக்கும், பழுதைப் போக்காது. ஏனைய இரண்டிற்கும் எழுத்துருவோடு தொடர்பே இல்லை.

மாற்றிகளின் எல்லை

பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் பல உருவாயின. எனினும் தமிழ் எழுத்தின் இயல்பறிந்த மனிதக் கண்ணின் துணையின்றி அவை முழுமை பெறுவதில்லை. பழைய எழுத்துருக்களில் கொம்பு, மெய்க்கு முன்னரும் ஒருங்குறியில் மெய்க்குப் பின்னரும் சேமிக்கப்படும். அன்றியும் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கும் ளகரத்திற்கும் ஒரே இடத்தைத் தந்த எழுத்துருக்களில், ‘வௌவால்’ என்பதிலும் ‘வெளி’ என்பதிலும் முதல் மூன்று குறிகள் வேறுபாடற்றவை. ஒன்றைத் திருத்த வகுத்த விதி மற்றொன்றைச் சிதைக்கும்.

ஆங்கிலச் சொற்கள் கலந்த பனுவல் மேலும் இடர்ப்பாடானது. பாமினிக் கோப்பில் தமிழும் ஆங்கிலமும் ஒரே எண்களால் ஆனவை; எப்பகுதிக்கு எவ்வெழுத்துரு என்னும் குறிப்பே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அக்கோப்பை வெறும் பனுவலாகச் சேமித்தால் அக்குறிப்பு அழியும். மாற்றி ஆங்கில நூற்பெயர்களையும் பொருளற்ற தமிழாக்கிவிடும்.

ஒருங்குறியிலும் ஐயங்கள் முற்றும் நீங்கவில்லை. ‘ஔவை’ என ஒரே உயிராகவும் ‘ஒளவை’ என ஒகரமும் ளகரமுமாகவும் தட்டச்சு செய்யப்படும் சொற்கள் கண்ணுக்கு ஒத்துத் தோன்றினும் தேடலில் ஒன்றையொன்று காட்டா. 2005இல் ஒருங்குறியில் ஶகரம் சேர்க்கப்பட்டபின், ‘ஸ்ரீ’ என்னும் வடிவத்தையும் இருவகை எண் வரிசைகளால் பெற இயலுமாயிற்று. அதனால் ஒரு பெயர் பட்டியலில் இருந்தும் தேடுவோருக்குக் கிட்டாமற் போகலாம்.

பிறழ்ந்த விளக்கத்தின் விளைவு

2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் தரங்களாக அறிவித்தது. புதிய கோப்புகளுக்கு இவ்வாணை வழிகாட்டியது. முன்னரே சேர்ந்துவிட்ட கோப்புகள் அவ்வாறே நின்றன. அவற்றை எழுத்துருச் சிக்கல் என்று மட்டுமே கருதியதால், எழுத்துருவை உட்பொதித்துப் பி.டி.எஃப். கோப்பாக்குவது போதிய தீர்வாகக் கொள்ளப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்கப் பணித்தன. பழைய எழுத்துருவில் அமைந்த ஆய்வேட்டின் மின்படி திரையில் செம்மையாகத் தோன்றும். ஆயினும் அதனுள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பெற இயலாது. கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்குத் தமிழல்லாததாகவும் அது நிற்கிறது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு மாறான சான்று. அத்திட்டத்தார் இலக்கியங்களைத் திஸ்கி என்னும் அறியப்பட்ட குறியேற்றத்தில் வெளியிட்டனர். பின்னர் ஒருங்குறியிலும் வழங்கினர். எந்தக் குறியேற்றம் என்பது அறிவிக்கப்பட்டிருந்தமையால் எண்களின் பொருள் அழியவில்லை.

முடிவுரை

தமிழ்க் கோப்புகளின் சிதைவு பயனரின் அறியாமையாலோ கணினியின் கோளாற்றாலோ விளைந்ததன்று. எண்களுக்குரிய பொருள்பற்றிய உடன்பாடின்மையால் விளைந்தது. அவ்வுடன்பாடின்மையின் சுமையை ஒவ்வொரு கோப்பாகத் தாங்கியவர்கள் உதவிப் பணியாளர்களே. எவ்வலுவலகத்தில் எவ்வெழுத்துரு வழங்கியது, எம்மாற்றி எவ்வெழுத்தைப் பிழைபடுத்தும் என்னும் அறிவு அவர்களின் நினைவிலும் பழைய வன்தட்டுகளிலுமே உள்ளது. பல்கலைக்கழக நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மின்படியோடு எழுத்துருவின் பெயரையும் குறியேற்றத்தையும் பதிவுசெய்தல், வழக்கொழிந்த எழுத்துருக்களின் எண் அட்டவணைகளைத் திரட்டல், அப்பணியாளர்களிடம் வாய்மொழித் தரவுகளைப் பெறல் ஆகியன உடனடித் தேவைகள். ஓலைச்சுவடியைப் படிக்க அக்கால எழுத்து வழக்கை அறிந்தோர் தேவைப்படுவதுபோல், 1990களின் தமிழ்க் கோப்பைப் படிக்க அக்கால எண் வழக்கை அறிந்தோர் தேவைப்படுவர். அவர்கள் இன்னும் பணியில் இருக்கும் காலம் இது.