துருப்பிடித்த காரும் துருவின் வரலாறும்



உலோக அரிமானம் பற்றிய பாடத்தை நம் கல்லூரியில் நான் மனப்பாடம் செய்துதான் பாஸானேன். அது புரிந்தது, ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற அம்பாசடரால்தான்!

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957ல் தயாரிக்கத் தொடங்கி 2014ல் நிறுத்திய வண்டி அது. எங்கள் கார் அப்பா 1984ல் வாங்கியது. அவர் காலமானபின் சும்மாவே நின்றது. எங்க ஊர்க் கணவாய்க் காற்று காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம்; ஆனால் இரண்டு பருவமழையிலும் நனையும் இரும்புக்குத் திண்டாட்டம்.

தங்கை கல்யாண அவசரத்தில், துருவின் மேலேயே பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். கல்யாணத்தன்று வண்டி ஜம்மென்று இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் கதவடியெல்லாம் கொப்புளம்! துரு ஈரத்தைப் பிடித்துவைக்கும். இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துப் பெயிண்டைத் தூக்கிவிடும்.

அதன்பின்தான் துருவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953ல் திறக்கப்பட்டது. மண்டபம் கடற்கரையில் உப்புக்காற்றில் உலோகங்களை வைத்து அது ஆராய்ந்தது. அருகேயே 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலம், ஓயாத பராமரிப்பால் 2022 வரை ரயிலைச் சுமந்தது. 2025ல் திறந்த புதிய பாலத்துக்கு பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். டெல்லி இரும்புத்தூண் 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கு, அந்த இரும்பிலுள்ள பாஸ்பரஸால் உண்டான மெல்லிய படலம் முக்கியக் காரணம்.

இரண்டாம் முறை நானே உட்கார்ந்தேன். கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். ஓட்டை விழுந்த இடங்களை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்யவைத்தேன். குழிகளில் தங்கிய துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். கழுவி, ஈரம் போகக் காயவைத்து, அன்றே பிரைமர். தாமதித்தால் மறுபடி துரு! அதன்மேல்தான் பட்டியும் பெயிண்டும். பெயிண்ட் அடிக்க இரண்டு நாள். தேய்க்க மூன்று வாரம்.

தம்பி, தங்கைகளே! மேல்பூச்சைப் பார்த்து எந்த வேலையையும் எடைபோடாதீர்கள். அடியில் தேய்த்தார்களா என்று கேளுங்கள். நான்கு மழைக்காலம் தாண்டிவிட்ட அப்பாவின் காரில்தான் இந்தச் சந்திப்புக்கு வருகிறேன். கதவடியைத் தடவிப் பார்க்கலாம்!