விசைத்தறி வருவதற்கு முன்னாடியே விழுந்த கூலி

போன மாசம் எங்க ஆஃபீஸ்ல ஒரு மீட்டிங். லாபம் ஏறியிருக்கு, ஆனா இந்த வருஷம் இன்கிரிமென்ட் இல்லைன்னாங்க. பக்கத்துல இருந்தவன், "எல்லாம் ஏஐ பண்ற வேலைடா"ன்னான். நானும் தலையாட்டிட்டேன். அப்புறம்தான் இங்கிலாந்து கைத்தறி நெசவாளர்களோட கணக்கை எடுத்துப் பார்த்தேன்.

நாம கேட்ட கதை என்ன? விசைத்தறி வந்தது, கைத்தறி அழிந்தது. இதுல வரிசையே தப்பு.

முதலில் இயந்திரத்துக்கு மாறியது நெசவு இல்லை, நூற்பு. ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, ஆர்க்ரைட்டின் நீர்விசை இயந்திரம், 1779-இல் போல்டன்காரர் சாமுவேல் கிராம்ப்டனின் மியூல். நூல் மலையாகக் குவிந்தது, நெய்ய ஆள் போதவில்லை. நெசவாளிக்கு ராஜயோகம்! 1805 வாக்கில் போல்டனில் வாரக்கூலி சுமார் 25 ஷில்லிங். இன்டர்நெட் நமக்குச் செய்ததை மியூல் அவங்களுக்குச் செஞ்சது.

1820-க்குள் அது 9 ஷில்லிங் அளவுக்கு இறங்கிடுச்சு. போருக்கு அப்புறம் விலைவாசியும் இறங்கியது, ஆனா இந்த அளவுக்கு இல்லை. சரி, அப்போ பிரிட்டனில் விசைத்தறி எத்தனை? சுமார் 14,000. கைத்தறியோ 2 லட்சத்துக்கும் மேல். இயந்திரம் இன்னும் வாசலுக்குக்கூட வரலைங்க.

அப்புறம் யார் கூலியைக் குறைச்சது? சாதாரணத் துணி நெய்வதைச் சீக்கிரம் கத்துக்கலாம். விவசாயக் கூலிகள், அயர்லாந்திலிருந்து வந்தவர்கள், 1815-இல் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் எல்லாரும் தறியில் உட்கார்ந்தார்கள். 1799 முதல் 1824 வரை சங்கம் சேர்வது சட்டப்படி குற்றம். 1808-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கேட்டார்கள், நாடாளுமன்றம் மறுத்தது. மான்செஸ்டரில் திரண்ட நெசவாளர்கள் மேல் ராணுவத்தை ஏவினார்கள், ஒருவர் செத்தார். 1813-இல், நீதிபதிகள் கூலி நிர்ணயிக்கலாம் என்ற பழைய சட்டப் பிரிவையும் நீக்கிட்டாங்க.

விசைத்தறி 1 லட்சத்தைத் தொட்டது 1833-இல்தான். அதுக்குள்ள கூலி சுமார் 6 ஷில்லிங். ஏற்கெனவே சாய்ஞ்ச சுவரை அது தள்ளி விட்டது, அவ்வளவுதான்.

மொத்த நாட்டுக் கணக்கை ராபர்ட் ஆலன் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் எடுத்துக் காட்டுறார்: 1780-இலிருந்து 1840 வரை ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் ஏறியது, உண்மைக் கூலி வெறும் 12 சதவீதம். இடையில் இருந்ததில் பெரும்பகுதி லாபமாகப் போனது. அதன் பிறகு கூலியும் ஏறத் தொடங்கியது. உண்மைதான். ஆனா 1805-இல் 20 வயசில் தறியில் உட்கார்ந்தவருக்கு 1840-இல் 55 வயசு.

கூலி எப்படி ஏறியதுன்னு அடுத்த எபிசோட்ல பேசலாம். அடுத்த வாரம் ஆஃபீஸ்ல இன்னொரு மீட்டிங் இருக்கு. இந்தத் தடவை தலையாட்டாம, ஏறின லாபம் எங்கே போச்சுன்னு கேக்கப் போறேன்.