பூட்டிய பாதியும் புழங்கிய பாதியும்



இரண்டு மாதமாக எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், ராஜபாளையத்துப் புது வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒழுகுற வீட்டுக்குப் போய்ட்டீங்களாமே?" ஆமாம், போய்விட்டோம். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் பொறுத்துக்கொண்டவர்கள் இங்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் வீடு 2011-இல் கட்டியது. ஓய்வுபெற்ற பணத்தில் பாதிக்கு மேல் அதில்தான் போட்டேன். டைல்ஸ் தரை, இரண்டு குளியலறை, வாசலில் கார் நிற்க இடம். எந்தக் குறையும் இல்லாத வீடு. அங்கிருந்து 12 கிலோமீட்டரில், ஸ்ரீவில்லிபுத்தூரில், தாத்தா வாங்கிய வீடு இருக்கிறது. என் அத்தை, அப்பாவின் தங்கை, 86 வயதில் அங்கே தனியாக இருந்தார். போன ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. ராஜபாளையத்துக்குக் கூட்டி வந்தோம். நாற்பது நாள் இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். ஆனால் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சேலையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். நாற்பத்தோராம் நாள் என் மனைவிதான் சொன்னாள்: "அவங்க இங்க வரமாட்டாங்க. நாம அங்க போயிரலாம்."

வந்து சேர்ந்த முதல் வாரத்தில் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அத்தை புழங்கியது திண்ணை, பட்டாசாலை, அடுப்படி, பக்கத்தில் ஓர் அறை. பின்கட்டில் மூன்று அறைகள் 1998-இல் பாட்டி இறந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தன. வீடு முழுவதும் ஒரே காலத்தில், ஒரே செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் தேக்கிலும் கட்டியதுதான். முன்பாதியில் உத்திரங்கள் திடமாக நிற்கின்றன. பின்பாதியில் கரையான் ஏறி இரண்டு உத்திரம் கூடாகிவிட்டது. ஓர் அறையில் மேல்தளம் இறங்கி வானம் தெரிகிறது.

இதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், முப்பது வருடம் நான் நடத்திய ஒரு பாடத்தை அரைகுறையாகத்தான் நடத்தியிருக்கிறேன் என்று உறைத்தது.

திருமலை நாயக்கர் பாடம் நினைவிருக்கிறதா? 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அவருக்கு முன்பே நாயக்கர் தலைநகரம் மதுரையிலிருந்து திருச்சிக்குப் போய்விட்டது. அவர்தான் 1634 வாக்கில் அதை மறுபடி மதுரைக்குக் கொண்டுவந்தார். நோய் தீர்ந்ததால் மீனாட்சிக்கு நேர்ந்துகொண்டு வந்தார் என்று கதை சொல்வார்கள். எப்படியானாலும், புது இடத்தை விட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பி, அதைச் சீர்செய்து வாழ்ந்த மனிதர். மதுரையில் மகால் கட்டினார். நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவர் பெயரால் ஓர் அரண்மனை இருக்கிறது. ஆண்டாள் கோயிலில் பூஜை முடிந்தது என்று வழிநெடுக மண்டபங்களில் மணி அடித்து மதுரைக்குச் செய்தி போகும், அதன் பிறகுதான் சாப்பிடுவார் என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அடுத்து அவர் பேரன் சொக்கநாத நாயக்கர். 1665 வாக்கில் தலைநகரை மறுபடி திருச்சிக்கு மாற்றினார். மதுரை மகாலின் பெரும் பகுதியைப் பிரித்து, மரவேலைப்பாடுகளையும் மற்ற பொருள்களையும் அங்கே தன் அரண்மனைக்குக் கொண்டுபோனார் என்பது வரலாறு. இன்று நாம் பார்ப்பது பழைய மகாலில் நாலில் ஒரு பங்குதான். இந்த இடத்தில் வகுப்பே சொக்கநாதரைத் திட்டும். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: எல்லாம் போன பிறகு அந்த நாலில் ஒரு பங்கு மட்டும் எப்படி மிஞ்சியது?

1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க உத்தரவிட்டார். சென்னைக் கடற்கரையில் செனட் மாளிகையைக் கட்டிய சிஷோம்தான் அந்த வேலையையும் கவனித்தார். ஆனால் ஒருமுறை பழுதுபார்த்தால் மட்டும் கட்டடம் நிற்காது. நேப்பியர் அதை நீதிமன்றத்துக்கும் அலுவலகங்களுக்கும் பயன்படுத்தத்தான் சீரமைத்தார். அதன் பிறகு நீண்ட காலம் அங்கே மாவட்ட நீதிமன்றம் நடந்தது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் அரண்மனையிலும் நெடுங்காலம் நீதிமன்றம்தான். வக்கீலும் குமாஸ்தாவும் கட்சிக்காரர்களும் தினம் வந்துபோகிற இடத்தில் ஓர் ஓடு நகர்ந்தால் அன்றைக்கே யாராவது மேலே பார்ப்பார்கள். கட்டு நனைந்தால் கூச்சல் போடுவார்கள். ராஜா போன பிறகு அந்த அரண்மனைகளைக் காப்பாற்றியதில் நேப்பியருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு பெயர் தெரியாத அந்தக் கூட்டத்துக்கும் உண்டு என்று இப்போது நினைக்கிறேன்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர், பிறகு ஒரிசாவின் ஆளுநர், 1957-இல் காலமானார். அவர் தம் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். உங்களில் பலர் பள்ளி நாட்களில் பேச்சுப்போட்டிக்கு அங்கே போனவர்கள்தான். ஒரு முதலமைச்சரின் வீட்டுக்குள் நிற்கிறோம் என்று நான் உங்களுக்குச் சொன்னேனா என்று தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வீட்டைப் பூட்டி வைக்காமல் ஊர் புழங்கக் கொடுத்தார். அவர் பெயர் அங்கே நிற்கிறது.

இனி என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1994-இல் இந்த வீட்டின் தெருப்பக்கச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தது. சொந்தச் செலவில் முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசச் சொன்னவன் நான்தான். தாத்தா காலத்துப் பூச்சைவிட இது கெட்டி என்று பெருமையாகவும் சொன்னேன். இன்று வீட்டிலேயே அதிகம் ஓதம் ஏறியிருக்கும் சுவர் அதுதான். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்ததைப் பூச்சு வழியாகக் காற்றில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசியதும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, செங்கல்லை அரித்து மாவாக்கிவிட்டது. சிமெண்ட் மேல் குற்றமில்லை. புது வீட்டுக்கு அது நல்ல சாமான். நான் அதைப் போடக்கூடாத இடத்தில் போட்டேன்.

துலுக்கப்பட்டியில் 1960-களின் தொடக்கத்தில் சிமெண்ட் ஆலை வந்த பிறகு நம் பக்கத்தில் தொழில் கற்ற கொத்தனார்கள் பெரும்பாலும் சிமெண்டில் கை பழகியவர்கள். சுண்ணாம்பு தெரிந்தவரைத் தேடி மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் கிடைத்தவருக்கு வயது 71. சுண்ணாம்பை நீற்றி, தண்ணீரில் ஊறவைத்து, மாதம் ஒன்று தொடக்கூடாது என்றார். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுத்தான் கலவையைக் குழைக்கிறார். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, குறுக்குச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பது. இறங்கிப்போன அறைக்கு அப்படியே போடுகிறார். அவருக்குச் சித்தாளாக அவருடைய பேரன் வருகிறான். பாலிடெக்னிக் முடித்த பையன். தாத்தா செய்வதையெல்லாம் செல்போனில் வீடியோ எடுத்து வைக்கிறான். எனக்கு அதில் ஒரு நிம்மதி.

இந்த வீட்டின் தாய்ப்பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தேன். 1903-ஆம் வருடப் பத்திரத்தில் "திருநெல்வேலி ஜில்லா" என்று இருக்கிறது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் பிறந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் அதற்குள் போனது. 1985-இல் காமராஜர் மாவட்டம். 1997-இல் விருதுநகர் மாவட்டம். வீடு ஓர் அடி நகரவில்லை. அதற்குள்ளே நான்கு மாவட்டப் பெயர் மாறிவிட்டது. தாத்தா, அப்பா, பெரியப்பா, சித்தப்பா என்று அதில் பெயர்களும் மாறிக்கொண்டே வருகின்றன.

இப்போது உறவினர்களுக்கு. இந்த வீட்டில் நான்கு பங்கு இருக்கிறது, என்னுடையது ஒன்றுதான். இடித்து மனையாக விற்றால் நல்ல விலை வரும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், கடன் எல்லாம் எனக்கும் தெரியும். 27 வருடம் பின்கட்டைப் பூட்டிப் போட்டதில் நானும் ஒருவன். 12 கிலோமீட்டரில் இருந்துகொண்டு, பொங்கலுக்கும் ஆடிப்பூரத்துக்கும் வந்து, சாப்பிட்டுவிட்டுப் போனவன். பேரன் இடித்தான் என்று சொக்கநாதரைத் திட்டக் கற்றுக்கொடுத்த நான், இடிக்காமலேயே விழவைக்க முடியும் என்பதை யோசிக்கவில்லை.

அதனால் எழுத்தில் சொல்கிறேன். நான் இதுவரை செலவு செய்த 4 லட்சத்துக்கும் இனிமேல் செய்வதற்கும் பங்கில் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கேட்கமாட்டேன். அது வாடகை கொடுக்காமல் குடியிருப்பதற்கு நான் கொடுக்கும் வாடகை. அத்தை இருக்கும்வரை விற்கும் பேச்சு வேண்டாம் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். அதற்குப் பிறகு நால்வரும் சேர்ந்து என்ன முடிவெடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு ராத்திரி இங்கே தங்க வேண்டும். பின்கட்டில் இரண்டு அறை வைகாசிக்குள் தயாராகிவிடும்.

வேலை தொடங்கிய அன்று பின்கட்டுக் கதவைத் திறக்கத் திறக்க, அத்தை என் பின்னாலேயே வந்தார். மூன்றாவது அறையில், கட்டு போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "இந்த ரூமுலதான்யா ஒங்கப்பா பொறந்தான்," என்றார். பிறகு, "தெறந்தே வைய்யி. காத்து வரட்டும்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

திறந்துதான் வைத்திருக்கிறோம். ஆடிப்பூரத் தேருக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். மாணவர்களும் வரலாம். ஒழுகாத பக்கமாகப் பார்த்துப் பாய் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்